திறந்த ஊக்கு

மார்ச் 4, செவ்வாய்

ஓட்டலில் ஏதோ மாநாடு. இன்று மட்டும் இருநூற்றுப் பத்து படுக்கை விரிப்புகள். சலவை அறையில் நீராவி தாங்கவில்லை. அடையாளச் சீட்டு குத்தும் ஊக்குகளை வழக்கம்போல் உதட்டில் கவ்விக்கொண்டுதான் வேலை பார்த்தேன். பக்கத்து மேசைக்காரி மேனேஜர் மாதிரி நடந்து காட்டினாள். வாய் ஓயாதவள், எல்லோரும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறோம். சிரித்துவிட்டேன். சிரிப்பதற்கு முன் உதட்டில் மூன்று ஊக்கு இருந்தது. சிரித்து முடித்தபோது இரண்டு.

தரையெல்லாம் தேடினோம். இல்லை. தொண்டையில் லேசாக ஒரு கீறல்.

"அக்கா, முழுங்கிட்டீங்களா?" என்றாள் ரேடியோ.

"சீ, போடி. வேலையைப் பாரு."

மார்ச் 5, புதன்

தண்ணீர் இறங்குகிறது, சாப்பாடு இறங்குகிறது. அப்புறம் என்ன? வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. நாற்பத்தெட்டு வயதில் ஊக்கை விழுங்கினேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ரேடியோ நான்கு முறை கேட்டுவிட்டாள். "போனேன், படம் எடுத்தாங்க, ஒண்ணுமில்லையாம்" என்று ஒரு பொய் சொன்னேன். "எந்த ஆஸ்பத்திரிக்கா?" என்றாள். நான் விரிப்பை உதறத் தொடங்கினேன். இவளை வேறு பிரிவுக்கு மாற்றுங்கள், காது புண்ணாகிறது என்று போன மாதமே மேனேஜரிடம் சொன்னேன். கேட்டாரா மனுஷன்?

மார்ச் 6, வியாழன்

தொப்புளுக்கு மேலே சுருக் சுருக் என்கிறது.

மார்ச் 7, வெள்ளி. ஆஸ்பத்திரி.

ரேடியோ அவர்கிட்ட போட்டுக் கொடுத்துட்டா! யாரு கேட்டா இவளை?

காலையில் வேலை தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சலவை அறை வாசலில் அவர் வந்து நிற்கிறார், தான் ஓட்டும் வாடகை வேனை ஓரமாகக்கூட நிறுத்தாமல்.  வழியில் சிக்னலில் நின்றபோது, "என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றார். அவ்வளவுதான். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்தது. இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலுக்குள், வாயைத் திறந்துகொண்டு.

"அன்னைக்கே வந்திருந்தா சுலபமா எடுத்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "இப்போ ரொம்ப உள்ளே போயிடுச்சும்மா. குடல் ஓட்டையாச்சுன்னா உயிருக்கே ஆபத்து. நாளைக்குக் காலையில வாய் வழியா நீளமான குழாய் விட்டுப் பார்க்கிறேன். கிடைக்கலேன்னா அப்பவே வயித்தைத் திறந்துடணும். ரெண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்துப் போட அவர் பேனாவைத் தலைகீழாகப் பிடித்தார். நான்தான் திருப்பிக் கொடுத்தேன்.

எழுதினால் பயம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

மார்ச் 8, சனி

கண் விழித்ததும் முதலில் வயிற்றைத் தடவினேன். கட்டு இல்லை. தையல் இல்லை!

இரண்டு மணி நேரம் ஆனதாம். குழாயின் நுனியில் சின்ன பலூன். அதை ஊதிப் பிடித்துக்கொண்டு, சட்டைக் கையை முழங்கைக்கு ஏற்றுவது போலக் குடலை மடிப்பு மடிப்பாகக் குழாய்மேல் ஏற்றிக்கொண்டே உள்ளே போனார்களாம். ஊக்கின் கூர்முனை எங்கேயும் கீறிவிடாதபடி ஒரு உறைக்குள் இழுத்து வெளியே கொண்டுவந்தார்களாம். இப்படியும் ஒரு கைவேலை இருக்கிறது உலகத்தில். டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவருக்குக் கூச்சம்.

"முனை பட்ட இடத்துல புண்ணாயிருக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா..." என்று நிறுத்தினார். "நேரத்துக்குக் கூட்டிட்டு வந்தாரே, உங்க வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லுங்க."

"நான் இல்லீங்க டாக்டர்" என்றார் அவர்.

பிறகுதான் எல்லாம் சொன்னார். ரேடியோவிடம் அவருடைய நம்பர் இல்லை. நேற்று வேலைக்கு வருமுன் இரண்டு பஸ் மாறி வேன் நிறுத்தத்துக்குப் போயிருக்கிறாள். ஒவ்வொரு வேனாகத் தலையை நீட்டி, "சலவை அக்கா வீட்டுக்காரர் நீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். பதினோராவது வேனில் அவர் இருந்தாராம்.

மார்ச் 10, திங்கள்

ரேடியோ பார்க்க வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாள். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொல்லிவிட்டேன். உன்னை மாற்றச் சொல்லி மேனேஜரிடம் கேட்டது நான்தான் என்று.

"தெரியும்க்கா. அவரு அன்னைக்கே என்கிட்ட சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா அவரைத் தேடிப் போனே?"

"அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பேச ஆரம்பித்தாள்.



மார்ச் 24, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். பசி நன்றாக எடுக்கிறது. பசி எடுப்பது எவ்வளவு நல்ல விஷயம்!

ஏப்ரல் 9, புதன்

ரேடியோ வரவில்லை. தொண்டை கட்டிவிட்டதாம். மூன்று நாள் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். இஸ்திரி இயந்திரம் பெருமூச்சு விடும் சத்தம் மட்டும். ஒரே கூடைத் துண்டுகளை இரண்டு தடவை எண்ணினேன்.

சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தேன். எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"நீ பேசாதே. நான் பேசறேன்" என்றேன். யார் தலையணை உறையைக் கருக்கியது, எந்தக் குழாய் ஒழுகுகிறது, மேனேஜர் யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று ஒன்று விடாமல் சொன்னேன். மணி அடித்துவிட்டது. எனக்கு இன்னும் சொல்ல நிறைய இருந்தது.