கூட்டிவிட்ட ஒரு மணி நேரம்

ப்ளூமனாக் துறை,
ஜூலை 17

அன்புள்ள எனோரா அக்காவுக்கு,

ரோசென் எழுதுகிறேன். நாங்கள் மூவரும் நலம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே படிக்கும்போது நீ பயந்துபோவாய். ரீயூனியன் தீவில் வெயில் எப்படி? மருத்துவமனையில் வேலை குறைந்ததா? நீ அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று தனித்தனியே போட்ட கடிதங்கள் நாங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் வந்தன. இருவரும் படகில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அவரவர் கடிதத்தைப் படித்தார்கள். என்ன எழுதியிருக்கிறாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அம்மா தனியே போய் இருக்க ரென் நகரில் அறை பார்த்திருப்பது உனக்குத் தெரியும். சாவியை வாங்குவதா வேண்டாமா என்று ரோஸ்கோஃப் துறைமுகம் போய்ச் சேர்ந்த பிறகு சொல்வதாக அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் படகேறினாள். அதனால் இந்தப் பயணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று நான் எல்லா வேலைக்கும் முந்திக்கொண்டேன். கடல் ஏறி வடியும் ஓத நேரம் பார்க்கும் பொறுப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதுதான் வினையாயிற்று.

முதல் நாளே தானியங்கிச் சுக்கான் கோளாறாகி, அதன்பின் யாராவது ஒருவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதாயிற்று. இரண்டாம் நாள் மழையில் மேல்மூடி ஒழுகி, ஓத அட்டவணைப் புத்தகம் ஊறிக் கஞ்சியாகிவிட்டது. நல்லவேளையாக, பாம்போலில் தூண்டில் கடைக்காரர் சும்மா கொடுத்த ஓத நேர மடிப்புத்தாள் என் பையில் இருந்தது.

மூன்றாம் நாளான நேற்று காலை இன்ஜின் கோளாறு. ஓடும், ஆனால் கியர் போட்டதும் இருமி நின்றுவிடும். அப்பா மண்டியிட்டு பம்பைக் கழற்றி மாட்டினார். "கீழே தண்ணிக்குள்ள இருக்கிற விசிறியில ஏதாச்சும் சுத்தியிருக்கான்னு பாத்தியா, எர்வே?" என்று அம்மா கேட்டாள். "இருபத்தஞ்சு வருஷமா இந்த இன்ஜினோட குடும்பம் நடத்துறேன். அதோட நோவு எனக்குத் தெரியாதா?" என்றார். "என்னோடயும் அதே இருபத்தஞ்சு வருஷந்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா பாய்க்கயிற்றை எடுத்துக்கொண்டாள்.

பாயை மட்டும் நம்பி ப்ளூமனாக்குக்குப் புறப்பட்டோம். மேற்கிலிருந்து எதிர்க்காற்று, சாய்ந்தடிக்கும் மழை. இந்தத் துறையின் வாயிலில் தண்ணீருக்கடியில் குறுக்கே ஒரு கல் மதில் இருக்கிறது. கடல் ஏறியிருக்கும்போதுதான் படகு அதைத் தாண்டும். வழியில் பெரோஸ் பக்கம் ஒதுங்கிவிடலாம் என்றாள் அம்மா. அப்பா என்னைப் பார்த்தார். நான் பெருமையாக, "பன்னெண்டரை வரைக்கும் தாண்டலாம்ப்பா" என்றேன். அதை நம்பித்தான் வந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு வாயிலை நெருங்கும்போது அடியில் மணல் உரசியது. ஒரு நொடிதான், நின்றுவிட்டோம். கடல் வடிய வடிய நம் படகு குவென்னிலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தட்டுகளெல்லாம் சரிந்தன. இன்ஜினுக்கு மண்டியிட்ட நேரத்தால்தான் தாமதம் என்றாள் அம்மா. அம்மா காற்றுக்குப் பயந்து பாயைச் சுருக்கச் சொன்னதால்தான் என்றார் அப்பா. அம்மா சாய்ந்த தரையில் கால் ஊன்றி நின்று தன் துணிகளைப் பையில் வைக்க ஆரம்பித்தாள். மணல் காய்ந்ததும் இறங்கி நடப்பாளாம். சாலையில் பேருந்து வருமாம்.

நான் மடிப்புத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அடியில் எறும்பு எழுத்தில், நேரங்கள் கோடை நேரப்படியே தரப்பட்டுள்ளன என்று இருந்தது. அக்கா, புத்தகத்தில் குளிர்கால நேரம்தானே இருக்கும்? கோடையில் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதால் ஒன்றைக் கூட்டு என்று அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். கடைக்காரர்கள் ஏற்கெனவே கூட்டி அச்சடித்திருந்ததை நான் இன்னொரு முறை கூட்டியிருந்தேன். மதிலைத் தாண்டும் நேரம் பதினொன்றரைக்கே முடிந்திருந்தது.

தாளைக் கிழித்துக் கடலில் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். உன்னிடம் மறைக்க மாட்டேன். பிறகு அழுதுகொண்டே இருவர் நடுவிலும் நீட்டினேன்.

அம்மா படித்தாள். கையில் மடித்த சட்டையோடு அப்படியே நின்றாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்! "எர்வே, நம்ம கல்யாணத்துக்கு முந்தின கோடையில நீ கூட்டவே மறந்து என்னைச் சேத்துல உக்கார வச்சியே. இவ ரெண்டு தரம் கூட்டிட்டா. சராசரி பாத்தா நம்ம குடும்பத்துக்கு நேரம் சரியாத்தான் இருக்கு!" அப்பாவும் சிரித்துவிட்டார். "அன்னிக்கும் நீ பையைக் கட்டினே, அன்னாயிக்" என்றார். "கட்டினேன். எங்க போனேன்?" என்றாள் அம்மா.

தண்ணீர் முழுக்க வடிந்ததும் அவள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மணலில் இறங்கினாள். கீழேயிருந்து அப்பாவைக் கூப்பிட்டாள். விசிறியில் பச்சை நைலான் கயிறு, யாருடைய நண்டுக்கூண்டிலிருந்தோ அறுந்தது, கூந்தல் கொண்டைபோல இறுகச் சுற்றியிருந்தது. ரொட்டிக் கத்தியால் இருவரும் மாற்றி மாற்றி அறுத்தார்கள். அப்பா அறுப்பதை நிறுத்தி, "நீ காலையிலேயே சொன்னே. நான்தான் கேக்கல" என்றார். அக்கா, இந்தக் குளிர்காலம் முழுக்க அந்த வாக்கியத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா கத்தியை அவர் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தை அறுத்தாள்.

மாலை ஆறரைக்குக் குவென்னிலி மெல்ல நிமிர்ந்தது. இன்ஜின் இருமாமல் ஓடியது. ஏழு மணிக்கு மதிலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டோம். இன்று காலை அம்மா என்னைக் கடைக்கு அனுப்பி, அரைக் கிலோ உப்பு வெண்ணெய் வாங்கிவரச் சொன்னாள். ஒரே நாளில் ரோஸ்கோஃபில் இறங்கிப் போகப்போகிறவளுக்கு எதற்கு அரைக் கிலோ? நான் கேட்கவில்லை. அவள் பை இன்னும் அவிழ்க்கப்படாமல்தான் இருக்கிறது. ஆனால் அதன்மேல் அப்பாவின் ஈர ஸ்வெட்டர் காய்கிறது.

உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சுக்கானுக்கு உதிரிபாகம் வரும்வரை இரண்டு வாரம் ரோஸ்கோஃபில் இருப்போம். அங்கே துறைமுக அலுவலக முகவரிக்கு எழுது. இந்த முறை ஒரே உறையில், இருவர் பெயரையும் சேர்த்து எழுது. யார் முதலில் பிரிப்பது என்று அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

உன் தீவைச் சுற்றியுள்ள கடல் அமைதியாக இருக்கட்டும், உன் உடம்பு நலமாக இருக்கட்டும் என்று வேண்டும்

உன் தங்கை,
ரோசென்