அந்துவன் நாகனின் உடல் குறித்து ஆழிமேட்டுக்கு விடுத்த ஓலை

நலமே பெருகுக. கடலும் மலையும் எல்லையாகக் குருந்தநாட்டை முறை வழுவாது ஆளும் மாறவேள் பெருமானின் வாய்மொழிப்படி ஓலைநாயகம் குருந்தரையன் எழுதுவது: ஆழிமேட்டுக் கோட்டைத்தலைவர் விழுப்பரையர்க்கும், அவ்வூர் வணிகர் அவையோர்க்கும், உங்கள் உப்பளங்களுக்கும் குடிகளுக்கும் தீங்கு அணுகாதிருப்பதாக.

உம் ஊர் உப்பு வணிகன் அந்துவன் நாகன் இறந்த செய்தி இங்கே இரு விதமாக வந்தது. ஊரைக் காட்டிக்கொடுத்தவன் மாண்டான் என்று நீர் எழுதினீர். உளவன் மாண்டான் என்று மலைத்தலைவன் உறுமன் சொல்லியனுப்பினான். ஆகவே நாகனின் மனைவி சேந்தியையும், உயிர் தப்பிய வண்டிக்காரருள் ஒருவனையும் மன்னர் நேரில் அழைத்து விசாரித்தார். அறிந்தது இது.

மலைக்குடிகள் வரி மறுத்துக் கிளர்ந்த பின்னும் நாகன் மலைக்கு உப்பு வண்டி ஓட்டுவதை நிறுத்தவில்லை. மலைக்கு உப்புக் கொடுப்பவன் நம் வீரரைக் கொன்றவர்க்குத் துணைபோகிறவன் என்று அவையோர் அவனைக் கடிந்தனர். உப்பில்லாமல் வாடுவோர் வில்லெடுத்தவர் மட்டுமல்லர், அவர்தம் குழந்தைகளுந்தாம் என்று அவன் சொல்லிப் பார்த்தான், கேட்பார் இல்லை. ஏதேனும் ஒரு பக்கம் சேர்ந்தால் பாதி வணிகமாவது மிஞ்சும், இப்படி நடுவில் நின்றால் எதுவும் மிஞ்சாது என்று அவன் தம்பியே பிரிந்து போனான்.

உறுமன் அவனிடம், உப்புக்கு அடியில் அம்புமுனைகளை மறைத்துக் கொண்டுவா என்றான். விழுப்பரையரே, நீர் அவனிடம், வண்டிக்காரருள் ஒருவனாக எம் ஒற்றனை ஏற்றிச்செல் என்றீர். என் வண்டியில் உப்புத் தவிர வேறெதுவும் ஏறாது என்று இருவர்க்கும் அவன் ஒரே விடை சொன்னான்.

ஆயினும் ஒரு வண்டிக்காரன் காய்ச்சலில் விழுந்தபோது, அவனுக்குப் பதிலாள் என்று சொல்லி, நாகன் அறியாமல் உம் ஒற்றனை நுழைத்தீர். கணவாயில் மலையவர் ஒற்றனை அடையாளம் கண்டுகொண்டனர். நான் அறியேன் என்று நாகன் தெய்வத்தின்மேல் ஆணையிட்டான். அவர்கள் நம்பவில்லை. ஒற்றனை வெட்டியவர்கள், பொய்யன் என்று ஏசி நாகனையும் வெட்டினர்.

நாகன் உடலுக்குத் தம் மண்ணில் இடமில்லை என்று மலையவர் தள்ளினர். உம் அவையோரும் சுடுகாட்டு வழியை அடைத்தனர். வேறு செய்வதறியாத வண்டிக்காரர், அவன் கொண்டுபோன உப்பையே அவன்மேல் கொட்டி, எல்லையில் காவல் இருக்கின்றனர்.

ஆதலால் மன்னர் ஆணை: விழுப்பரையரே, நீரே கால்நடையாகச் சென்று அவ்வுடலைப் பெருவாயில் வழியே ஊருக்குள் கொண்டுவருக. மகனில்லாத அவனுக்கு உம் கையால் தீ மூட்டுக. மூட்டியபின் கோட்டைத் திறவுகோலை இவ்வோலை கொணர்ந்தவனிடம் ஒப்படைத்துவிட்டு, தலைநகர் வந்து விசாரணைக்கு நிற்க. கொன்றவர்களை ஒப்புவிக்குமாறு உறுமனுக்கும் தனி ஓலை போயிற்று.

அரச காவலோடு வண்டிகளை மீண்டும் ஓட்டலாம் என்று மன்னர் சேந்தியிடம் கூறினார். உப்பை யாருக்கும் மறுத்ததில்லை என் வீட்டுக்காரர், நான் மறுக்கிறேன், இரு சாராரும் உப்பில்லாமல் உண்ணட்டும் என்றாள் அவள். அவளை எவரும் வற்புறுத்தலாகாது.

இது மாறவேள் பெருமான் முன் எழுதி, படித்துக்காட்டி, புலிநகப் பொறி ஒற்றியது. கண்டவுடன் செய்க.