எரியாத விரல்

ஆடி 12, திங்கள்
வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்காவது எழுதிவைக்கிறேன்.

புழுக்கம். மழைக்கு அறிகுறியே இல்லை. கிருத்திகைக் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரி வேகவைக்கும் ஸ்டவ்வை இன்றும் பற்றவைக்கவில்லை. கார்பாலிக் லோஷனில் முக்கினால் போதுமாம். டாக்டர் உத்தரவு.

"வாசனை தூக்கலா இருக்கட்டும்யா. மேலிடத்துலேர்ந்து சோதனைக்கு வர்றவங்க மூக்காலதான் பார்ப்பாங்க."

என்னைவிடப் பத்து வயது சின்னவர். நானும் இன்டர்மீடியட் தேறியவன்தான். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் இடம் கிடைக்காததால் கம்பவுண்டர்.

முக்கி எடுப்பது ஆயா ராஜம்மா. பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பம், புருஷன் இல்லை. வெறுங்கை. ரப்பர் கையுறை டாக்டர் பீரோவில், பூட்டிக்கிடக்கிறது.

ஆடி 13, செவ்வாய்
கிருத்திகை. காவடிக்காரர் கால்களில் கண்ணாடி, முள். சாப்பிட நேரமில்லை. கத்தி பட்டு ராஜம்மாவின் ஆள்காட்டி விரலில் வெட்டு. அதே லோஷனில் துணியை நனைத்து இறுக்கிச் சுற்றியிருந்தாள். மேலே மலைத் திருநீறு.

"எரியுதாம்மா?"

"மொதல்ல எரிஞ்சிகினு இருந்திச்சிங்க. இப்ப ஒண்ணுமே தெரியல. மலையாண்டவன் எடுத்துக்கினாரு."

"ஆண்டவன் இல்ல, அந்த லோஷன் விரலை மரத்துப்போக வைக்குது. உடனே அவிழ்."

"ஆங், இந்தத் தட்டு முடிச்சிட்டு அவுக்கிறேன் நைனா."

டாக்டரிடம் ஓடினேன். "என்னய்யா, இங்க டாக்டர் நீயா நானா?" வார்டே சிரித்தது.

ஆடி 15, வியாழன்
இன்றுதான் அவிழ்த்தாள். நுனி கறுத்திருந்தது. ஊசியால் குத்தினேன். தெரியவில்லை அவளுக்கு.

இரண்டு கணு எடுத்துவிட்டார்கள். அதற்கு மட்டும் ஸ்டவ் எரிந்தது. தண்ணீர் கொதிக்கும் சத்தத்தை எத்தனை நாள் கழித்துக் கேட்டேன்!

ராஜம்மா அழவில்லை. "அறுந்த இழைய இந்தக் கையால முடிய வருமா நைனா?" என்று மட்டும் கேட்டாள். வராது. கட்டைச் சரிசெய்துவிட்டேன்.

ஆடி 16, வெள்ளி
தூறல். "அவளாகச் செய்துகொண்டது" என்று டாக்டர் எழுதி முடித்துவிட்டார். வேலையும் போயிற்று. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மடியில் கையை ஒளித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அவள் இடத்தில் வேறொருத்தி, கழுத்தில் புதுத் தாலி. மத்தியானமே முழங்கைவரை லோஷனில்.

"வாசம் ஜோரா கீதுங்க" என்று சிரித்தாள்.

சித்தூரில் இருக்கும் ஜில்லா மேலதிகாரிக்கு எழுதத்தான் வேண்டும். பெயர் போட்டால், டாக்டராக முடியாதவனின் வயிற்றெரிச்சல் என்பார்கள். வயிற்றெரிச்சல் உண்டுதான். அதனால் அந்த விரல் கறுக்காமல் போய்விட்டதா?

இந்த டைரியில் என்னைப் பற்றிய வரிகளை விட்டுவிட்டு மற்றதை நகல் எடுத்தாயிற்று. கையெழுத்து வேண்டாம். சாயங்காலத் தபாலில் போட்டுவிடுகிறேன்.