திரையில் பறந்த பொறி

இன்று காலை பீரோவின் கைப்பிடியைத் தொட்டதும் விரலில் சுருக்கென்று அடித்தது. பங்குனி வெயில், காற்றில் பேருக்குக்கூட ஈரமில்லை. கையை உதறிக்கொண்டே உங்களைத்தான் நினைத்தேன், டீச்சர். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. ஷாக் அடித்தால் ஆண்டவனை நினைக்காமல் இயற்பியல் டீச்சரை நினைக்கிறவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உங்கள் கம்ப்யூட்டர்ப் பாடத்தை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! கணக்கு டீச்சருக்குக் கரும்பலகை போதும் என்ற திமிர் எனக்கு. "ஏட்டுச் சுரைக்காயே கறிக்கு உதவாது. நீங்க கம்ப்யூட்டர்ல சுரைக்கா வளக்கீக" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "பட்டாசு வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளைக, பயம் இருக்கு டீச்சர். எதுக்குப் பயப்படணும்னுதான் தெரியல" என்றீர்கள். அதற்காகவே விடுமுறை முழுக்க உட்கார்ந்து அந்தப் பாடத்தை நீங்களே உருவாக்கினீர்கள். திரையில் பட்டாசு செய்யும் அறை ஒன்று, அதில் ஒரு பெண். அவள் சேலையை நூலாகவோ நைலானாகவோ மாற்றலாம். காற்றின் ஈரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வைத்தால், அவள் உடம்பில் சேர்ந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

அன்று நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். பாண்டிச்செல்வி மவுசைப் பிடித்திருந்தாள். நைலான் சேலை, வறண்ட காற்று. திரைப் பெண் சற்று நடந்து வெடிமருந்துத் தட்டை நோக்கிக் கை நீட்டியதும் பொறி பறந்தது. வகுப்பே ஓவென்று சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. தகட்டைத் தொட வைத்து மறுபடி நடக்கவிட்டாள். முதலில் பொறி வரவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்ததும் வந்துவிட்டது.

"தகட்டத் தொட்டாலும் வருதே டீச்சர்?"

"தொட்டப்ப எறங்கிருச்சு. சேலை உரச உரசத் திரும்பச் சேருதுல்ல?"

"எங்கம்மா காலைல சாமி கும்புடுற மாதிரி ஒருக்காத் தொட்டுட்டு உள்ள போயிரும். இன்னைக்கு சாயங்காலம் கல்யாண வீடு. நேரா அங்கன போகணும்னு நைலான் சேலையக் கட்டிட்டுப் போயிருக்கு டீச்சர்."

அவள் அம்மா நாரணாபுரம் பக்கம் ஒரு கம்பெனியில் பட்டாசுக்குள் வெடிமருந்தைச் செலுத்துகிறவர். அங்கே போன்களை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கம்பெனி நம்பருக்கு அடித்துப் பார்த்தீர்கள், யாரும் எடுக்கவில்லை. "பிள்ளைகளப் பாத்துக்கோங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

நீங்கள் திரும்பும்வரை நான் பட்ட பாட்டை உங்களிடம் சொன்னதே இல்லை. பாண்டிச்செல்வி மவுசை விடவில்லை. திரையில் ஈரத்தை முழுக்கக் கூட்டிவைத்து, அது இறங்கிவிடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். ஈரம் இருந்தால் பொறி வராது அல்லவா. ரோட்டில் லோடு வண்டி ஒன்று பள்ளத்தில் இறங்கித் தடாலென்றது. அத்தனை தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. நானும் எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன்.

ஒருவழியாக வந்தீர்கள். காலையில் கட்டியிருந்த சுங்குடி நூல் சேலையைக் காணோம். ரோஜா நிறத்தில் ஜரிகை மின்னும் நைலான் சேலையில் நின்றீர்கள். அது தன் அம்மாவுடையது என்று கண்டதும் பாண்டிச்செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏ புள்ள, எதுக்கு இப்பிடி முழிக்கிற? ஒங்கம்மா என் சேலையக் கட்டிட்டு வேலை பாக்குது. வாட்ச்மேன் ரூம்ல மாத்திக்கிட்டோம். இந்தப் பழைய சேலையோட கல்யாண வீட்டுக்கு எப்பிடிப் போறதுன்னு என்னையத்தான் வையுது!"

அவள் அப்போதுதான் அழுதாள். நீங்கள் அவள் தலையைத் தடவினீர்கள். கேலி பேசிய என் வாய் அன்றோடு அடங்கிவிட்டது.

உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அந்தப் பாடத்தை இப்போது நான்தான் நடத்துகிறேன். கணக்கு டீச்சருக்கு எதற்கு இந்த வேலை என்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும். பொறி பறந்ததும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் சிரிக்காத முகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறேன். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே, இஸ்திரி போடச் சோம்பல்பட்டு எப்போதும் சிந்தடிக் சேலைதான். அந்தப் பாடம் நடத்தும் நாளில் மட்டும், டீச்சர், நூல் சேலை கட்டிக்கொண்டு போகிறேன்.