இரண்டு முன்பல்

ஒச்சாண்டம்மன் துணை

காளவாசல், மதுரை
19-10-1980

அன்பு மாப்ள மரியராஜுக்கு, நல்லகாமன் எழுதுவது.

இங்கே நான், சோலையம்மாள், பிள்ளை மூவரும் சுகம். போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவைப் பூசை முடிந்து வரும்போது பார்த்தேன். அவர்களும் சுகம். ஆனி மாதம் சர்க்கஸோடு ரயில் ஏறியவன், இத்தனை நாளில் ஒரே ஒரு கார்டு போட்டிருக்கிறாய். அதிலும் ஒட்டகத்துக்குக் காய்ச்சல் என்றுதான் இருந்தது. ஒட்டகம் பிழைத்ததா என்றாவது அடுத்த கார்டு போட்டிருக்கலாம்.

என் வாய் விஷயம் எழுதுகிறேன். திருமங்கலம் கல்யாண ஊர்வலத்தில் கூட்டத்தில் யாரோ இடித்து, மவுத்பீஸ் அடித்து உடைந்த இரண்டு முன்பல்லையும் டாக்டர் பிடுங்கிவிட்டார். கழற்றி மாட்டுகிற பல் வைத்திருக்கிறார். சிரித்தால், "மாப்பிள்ளை புதுசா இருக்காரே" என்கிறாள் சோலையம்மாள். சாப்பிட முடிகிறது. சாக்ஸபோனை வாயில் வைத்தால்தான் வினை. மேல்பல் ஊன்ற வேண்டிய இடத்தில் பல் செட் ஆடுகிறது. காற்று ஓரத்தில் கசிந்து, பஞ்சரான சைக்கிள் ட்யூப் மாதிரி சத்தம் வருகிறது.

நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நம் பேண்டு செட் ஜெயக்கொடி அண்ணன், "கோவிச்சுக்காதப்பா, வாயி சரியாகுற வரைக்கும் நீ ஜால்ராவப் பிடி" என்றார். அவர்மேல் தப்பில்லை. எட்டு வருஷம் முன்வரிசையில் சாக்ஸ் ஊதியவன், இப்போது கடைசி வரிசையில் தாளம் தட்டிக்கொண்டு நடக்கிறேன். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

உங்கள் சர்க்கஸ் பேண்டு மாஸ்டர் கோவாக்காரர், பெரிய ஞானஸ்தர் என்று ரயில் ஏறும்போது சொன்னாய். முன்பல் இல்லாதவன் ஊத வழி உண்டா என்று அவரைக் கேள். இல்லை என்றால் இல்லை என்றே எழுது. வாத்தியத்தை யாரிடமாவது கொடுத்துவிட்டு அப்பாவோடு தோட்டத்தில் இறங்கிவிடுகிறேன். ஊசலாடிக்கொண்டு இருக்கத்தான் முடியவில்லை.

உன் மாப்ள,
நல்லகாமன்


மரியே வாழ்க

சர்க்கஸ் முகாம், விஜயவாடா
6-11-1980

பிரியமுள்ள மாப்ள நல்லகாமனுக்கு,

கடிதம் கிடைத்தது. வாத்தியத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மாஸ்டரிடம் கேட்டேன். பல்லா ஊதுகிறது என்று திருப்பிக் கேட்டார். கீழுதட்டை மடித்து வைக்கிறோம் அல்லவா, அதேபோல் மேலுதட்டையும் உள்ளே மடித்துப் பல்லை மூடிவிட வேண்டுமாம். மவுத்பீஸில் பல்லே படக் கூடாது. பிள்ளை பால் குடிக்கும்போது பிடிக்கிற மாதிரி நாலா பக்கமும் பிடிக்கணும், கடிக்கக் கூடாது என்கிறார். முதல் மாதம் உதடு புண்ணாகும். விட்டுவிடாதே.

இனி அவர் எனக்குச் சொன்ன பாடத்தை உனக்குச் சொல்கிறேன். ஒரு மாதம் பாட்டே கிடையாது. முதல் பத்து நிமிஷம் மவுத்பீஸை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, ஒரே ஸ்ருதியில் ஆடாமல் நிற்க வேண்டும். பிறகு வாத்தியத்தில் ஒரே ஒரு ஸ்வரம். பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காத அளவில் தொடங்கி, மெல்லப் பெருக்கி, மறுபடி மெல்லக் குறைத்து, அதே மூச்சில் முடிக்க வேண்டும். ஒரு சுவருக்கு முன்னால் இரண்டு முழம் தள்ளி நின்று ஊது. உன் சத்தம் உனக்கே திரும்பி வரும். நன்றாக இல்லாதது அப்போதுதான் தெரியும்.

மாப்ள, நாம் இத்தனை வருஷம் ஊதியது எல்லாம் இரைச்சல். தெருவில் வெடிச் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டும் என்று கடித்துக் கடித்து ஊதினோம். இங்கே வந்து முதல் நாள் மாஸ்டர் என்னைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். வெட்கமாகப் போயிற்று.

மவுத்பீஸில் மாட்ட மெல்லிய ரீட் பட்டை நான்கு தனிப் பார்சலில் அனுப்புகிறேன். இன்னொன்று, அன்றைய ஊர்வலத்தைப் பற்றி எனக்கு எழுதாதே. படிக்க முடியவில்லை.

மரியராஜ்


காளவாசல், மதுரை
25-1-1981

அன்பு மாப்ளைக்கு,

நீ அனுப்பிய நான்கு ரீட்டில் இரண்டு எறும்புக்குப் போய்விட்டது. சிரிக்காதே. நாதஸ்வரம் ஊதுகிற சிவனாண்டி மாமாவிடம் காட்டினேன். "சீவாளியப் பக்குவம் பண்ணுற மாதிரிப் பண்ணணும்டா, பால்ல ஊறப் போட்டுக் காயவிடு" என்றார். பெரியவர் சொல்லைத் தட்டலாமா என்று பாலில் போட்டுக் கொடியில் கட்டினேன். இரண்டு நாளில் கோணிக்கொண்டு நாற்றம் அடித்தது. எறும்பு வரிசை கட்டி வந்தது. சோலையம்மாள், "பாலும் போச்சு, பட்டையும் போச்சு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். மீதி இரண்டையும் தண்ணீரில் நனைத்து மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

வீட்டில் ஊத முடியவில்லை. ஒரே ஸ்வரத்தை ஒரு மணி நேரம் கேட்டால் பக்கத்து வீட்டார் சும்மா இருப்பார்களா? விடிந்ததும் கண்மாய் மடைச் சுவருக்குப் போய்விடுகிறேன். நீ சொன்னபடி இரண்டு முழம் தள்ளி நிற்கிறேன். முதல் மூன்று வாரம் உதட்டின் உள்பக்கம் ரத்தம் கட்டி, காரம் தொட முடியவில்லை. இப்போது காய்ப்பு விழுந்துவிட்டது. எட்டு எண்ணும்வரை நின்ற ஸ்வரம் இருபது எண்ணும்வரை நிற்கிறது. கசிவும் நின்றுவிட்டது. ஆனால் சத்தத்தைக் குறைக்கும்போது கடைசியில் செத்துவிடுகிறது.

எழுதாதே என்றாய். இந்த ஒரு தடவை மட்டும் எழுதிவிடுகிறேன். அன்று என் வாயில் துண்டைப் பொத்தி, ஆஸ்பத்திரிவரை தூக்கிக்கொண்டு ஓடியவன் நீ. உன் சட்டை முழுக்க என் ரத்தம். அதை நான் மறக்கவில்லை. இடித்தவன் யார் என்று நினைத்து நினைத்துப் பல மாதம் தூக்கம் போயிற்று. கல்யாண வீட்டார் ஒவ்வொருவர் முகமாக நினைத்துப் பார்ப்பேன். தை முதல் வாரம் அழகர்கோவிலுக்குப் போனோம். பதினெட்டாம்படியான் முன்னால் நின்று, "யாரோ தெரியாம இடிச்சுட்டான். அவனும் பிள்ளகுட்டிக்காரனா இருப்பான். நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிச் சூடம் ஏற்றினேன். மனசு லேசானது. உனக்கும் லேசாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நல்லகாமன்


சர்க்கஸ் முகாம், ஹூப்ளி
14-3-1981

மாப்ளைக்கு,

சுகம். குறைக்கும்போது ஸ்வரம் சாவதற்குக் காரணம், நீ உதட்டைத் தளர்த்துவதுதான். உதடு அப்படியே இருக்கட்டும். காற்றின் அளவை மட்டும் குறை. வேகத்தைக் குறைக்காதே. வயிற்றைக் கடைசிவரை விடாமல் பிடி. இது வந்த பிறகு ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கு நுனியால் ரீட்டை லேசாகத் தொட்டுத் தொட்டுப் பிரித்து ஊது.

ஒரு நல்ல செய்தி. எங்கள் இரண்டாவது சாக்ஸ்காரர் ஊருக்குப் போகிறார். ஆகஸ்டு கடைசியில் திருச்சியில் முகாம் போடுகிறோம். மாஸ்டர் உன்னை அங்கே வரச் சொல்கிறார். ஒரு நீள ஸ்வரமும் ஒரு பாட்டும் கேட்பாராம், அவ்வளவுதான். வருஷம் முழுக்க வேலை, முகூர்த்தத்தை எதிர்பார்க்க வேண்டாம். நான் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

மற்றதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

மரியராஜ்


காளவாசல், மதுரை
2-7-1981

அன்பு மாப்ளைக்கு,

திருச்சிக்குக் கண்டிப்பாக வாரேன். சோலையம்மாளும் சம்மதித்துவிட்டாள். "ஒட்டகத்துக்குத் தொணைக்கு ஆளு வேணுமாக்கும்" என்று கேலி பேசினாலும், வேட்டி சட்டையை இப்போதே வெளுத்து வைத்திருக்கிறாள்.

போன வாரம் செக்கானூரணியில் ஒரு பெரியவர் காரியம். சாக்ஸ் ஊதுகிற மருது காய்ச்சலில் படுத்துவிட்டான். ஜெயக்கொடி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைத் திறந்தேன். முன்பெல்லாம் சாவு வீட்டில் அழுகைச் சத்தத்துக்கு மேலே போய் ஊதுவோம் அல்லவா? அன்று அப்படிச் செய்ய மனசு வரவில்லை. அழுகைக்கு அடியிலேயே நின்று மெல்ல ஊதினேன். நின்றது மாப்ள. கடைசிவரை சாகாமல் நின்றது. செத்தவரின் சம்சாரம் பாண்டியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு, "யாருப்பா அது, ஆளு பேசுற மாதிரில்ல இருக்கு" என்று கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாயில் வாத்தியம் இருந்ததால் அழவும் முடியவில்லை.

பல் இருந்தபோதுகூட எனக்கு இந்தச் சத்தம் வந்ததில்லை. இது நீ கொடுத்தது. அதனால் ஒரே ஒரு ஆசை. சர்க்கஸில் சேர்ந்தால் உன் பக்கத்தில்தான் நிற்பேன். மாஸ்டரிடம் இப்போதே சொல்லி வை.

உன் மாப்ள,
நல்லகாமன்


சர்க்கஸ் முகாம், சேலம்
20-7-1981

நல்லகாமனுக்கு,

என் பக்கத்தில் நிற்பேன் என்று எழுதியிருக்கிறாய். நீ நிற்பதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும்.

உன்னை இடித்தது நான்.

அன்று மாஸ்டர் ஆள் எடுப்பதற்காகக் கூட்டத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நம் இருவருக்கும் தெரியும். கடைத்தெரு முனையில் முதலில் நீ தனியாக ஊதுவது, அடுத்தது நான் என்று ஜெயக்கொடி அண்ணன் சொல்லியிருந்தார். நீ ஊதி முடித்ததும் ஜனங்கள் இன்னொரு தடவை என்றார்கள். நீ என்னைத் திரும்பியும் பார்க்காமல் மறுபடி தொடங்கினாய். என் முறை போய்விட்டது. நீ மேல் ஸ்வரத்துக்கு ஏறும்போது, கூட்டம் தள்ளுவதுபோல் முழங்கையால் உன் முதுகில் இடித்தேன். ஸ்வரம் பிசகினால் போதும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

வாத்தியத்தை வாயில் வைத்திருப்பவனைத் தொடாதே என்று பேண்டில் சேர்ந்த அன்றே சொல்லித் தருகிறார்கள். பாடம் தெரிவதற்கு முன்னால் அது தெரியும். தெரிந்துதான் செய்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நிஜம், இடித்ததும் நிஜம். பிறகு மாஸ்டர் என்னை எடுத்தார். ஊத வேறு ஆள் இல்லையே.

மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார், உரியவனிடம் சொல்லு என்றார். எட்டு மாதம் பாடம் எழுதி அனுப்பிக் கடனைக் கழித்துவிடலாம் என்று பார்த்தேன். நீ அழகர்கோவிலில் சூடம் ஏற்றியதைப் படித்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

மாஸ்டரிடம் உன் பெயர் இருக்கிறது. நீ வா. நான் விலகிக்கொள்ளத் தயார். என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

மரியராஜ்


காளவாசல், மதுரை
11-10-1981

மரியராஜுக்கு,

மூன்று மாதமாக எழுதாமல் இருந்தேன். எழுதினால் வாயில் வராததெல்லாம் வந்துவிடும் என்று பயம். சோலையம்மாளிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவிடமும் சொல்ல மாட்டேன். அவர்களைப் பார்க்கும்போது எப்போதும்போல் பேசுகிறேன்.

திருச்சிக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. பெட்டியும் கையில் இருந்தது. கூடாரத்துக்கு வெளியே, பேண்டு மேடைக்குப் பின்பக்கம் நின்று ஒரு காட்சி முழுவதும் கேட்டேன். நடுவில் ஒரு கித்தான்தான். உன் ஊதல் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். நன்றாக ஊதுகிறாய். சுவருக்கு முன்னால் நான் தேடித் தேடி எடுத்த அதே சத்தம் உன்னிடமும் இருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை. உள்ளே வந்திருந்தால் மாஸ்டர் என்னை எடுத்திருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் முதுகுக்குப் பின்னால் நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டு என்னால் மூச்சை முழுசாக விட முடியாது. விலகிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். உன் வயிற்றில் அடித்து வருகிற வேலையும் எனக்கு வேண்டாம். ராத்திரி பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

நான் அழகர்கோவிலில் மன்னித்தது முகம் தெரியாத ஒருவனை. அது சுலபமாக இருந்தது. உன்னை மன்னிக்க முடியவில்லை. முயற்சி செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பிறகு ஒருநாள் முடியும் என்றும் வாக்குக் கொடுக்க மாட்டேன். மறுபடி தொடங்கியபோது உன்னைத் திரும்பிப் பார்க்காதது என் தப்பு. அது எனக்கும் தெரியும். அதற்கு இரண்டு பல் என்பது அதிக விலை.

ஜெயக்கொடி அண்ணன் முன்வரிசையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மருதுவும் நானும் ஊதுகிறோம். முகூர்த்தம் இல்லாத நாளில் தோட்டத்துக்குப் போகிறேன். பிழைத்துக்கொள்வேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. யாரைக் கேட்பதென்று பத்து நாள் யோசித்தேன். இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. ஆகக் கீழே இருக்கிற ஸ்வரத்தை மெல்லத் தொடங்கினால், அது நேராக வராமல் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடுகிறது. ஓங்கி ஊதினால் வருகிறது, மெல்ல ஊதினால் வரவில்லை. உதட்டிலா, தொண்டையிலா, எங்கே பிசகு என்று மாஸ்டரைக் கேட்டு எழுது.

அதை மட்டும் எழுது. சுகம் விசாரிக்க வேண்டாம். மாப்ள என்றும் போட வேண்டாம்.

கா. நல்லகாமன்