வாயு என்று சொன்னவள் நான்

சித்தப்பா, இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். உங்களால் இனி யாரிடமும் எதையும் காட்ட முடியாது என்று தெரியும். இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவிடம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அடுத்த அறையில் சித்தி பெட்டி அடுக்குகிறார். நாம் கப்பலுக்குக் கொண்டுபோன அதே நீலப் பெட்டி. திரும்பி வந்ததிலிருந்து அதை யாரும் தொடவில்லை. சற்று முன்னால்தான் திறந்திருக்கிறார். உள்ளே தைலப் புட்டி ஒழுகியிருக்க வேண்டும். சுவரைத் தாண்டி இங்கே வரைக்கும் வாடை வருகிறது. படுத்திருந்தவள் எழுந்துவிட்டேன். போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில், வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

நாளை உங்கள் பதினாறாம் நாள். காரியம் முடிந்ததும் சித்தியின் அண்ணன் வந்து அவரைக் காஹாங்கில் உள்ள பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார். இனி இந்த வீட்டில் அவருக்கு இடமில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். அத்தை பாசிர் கூடாங்கிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரே பேச்சுத்தான். “கப்பல் கேட்டாளே, கப்பல்! மேடையேறிக் கிரீடம் வச்சுக்கிட்டா. எந்தம்பி போய்ச் சேந்துட்டான்.” நேற்று பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கும்போதே சொன்னார்: “நெஞ்சு வலியில துடிச்சவனுக்குத் தைலம் தேச்சாளாம்லா! ஊருக்கெல்லாம் சத்துமாவு விக்கத் தெரியுது. புருஷன் மூஞ்சியப் பாத்து என்னான்னு சொல்லத் தெரியல.”

 சித்தி கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டு நிற்கிறார்.  தைலம் தேய்த்தது அவர்தான். வாயு என்று சொன்னவள் நான்.

மூன்று வருடம் சித்தி அந்தப் பழைய காரில் சிம்பாங் ரெங்கம், பண்டார் தெங்காரா, காஹாங் என்று வீடு வீடாகச் சத்துமாவு விற்றார். செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில் டயர் வெடித்து நின்ற நாட்களில் நீங்கள்தான் செம்பனைக் குலை ஏற்றும் லாரியோடு போய் இழுத்துவந்தீர்கள். கம்பெனி பரிசாகக் கரீபியன் கப்பல் பயணம் என்று கடிதம் வந்தபோது, இரண்டு பேருக்கு என்றுதான் இருந்தது. மூன்றாவது படுக்கைக்குப் பணம் கட்டலாம் என்று தெரிந்ததும் நேரே அப்பாவிடம் வந்து நின்றீர்கள். “எனக்கும் இவளுக்கும் இங்கிலீஷ் தட்டும்ணே. வக்கீலம்மா வந்தாத்தான் எங்களுக்குக் கப்பல்ல சோறு.” வாய் ஓயாமல் வாதாடுகிறேன் என்று நீங்கள் வைத்த பெயர். அந்த வக்கீல் இப்போது வாயைத் திறக்காமல் இருக்கிறாள்.

முதல் நாள், ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, “ரோட்டுல வைக்கிற கூம்பு மாதிரி இருக்கேன்லா?” என்றீர்கள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் நள்ளிரவிலும் ஐஸ்கிரீம் கிடைக்கிறது என்று தெரிந்ததும், “கங்காணி இல்லாத எஸ்டேட்டு இது” என்றீர்கள். சித்தி கைப்பையிலிருந்து மிளகாய்ச் சம்பால் புட்டியை எடுத்து மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது உங்கள் தட்டில் ஊற்றினார். நீங்கள் இருவரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

இதையெல்லாம் எழுதினால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. அப்பா இன்னும் கூடத்தில்தான் இருக்கிறார். மின்விசிறிச் சத்தத்தோடு அவர் இருமுவது கேட்கிறது.

ஜமைக்காவில் அந்த அருவிக்குக் கூட்டிப்போனார்கள். கீழிருந்து மேலே, பாறை பாறையாக, எல்லோரும் கைகோத்துச் சங்கிலி போல ஏற வேண்டும். தண்ணீர் காலை வாரிவிடும் வேகத்தில் வந்தது. எனக்கு முன்னால் சித்தி. பின்னால் நீங்கள். பாதி தூரத்தில் உங்கள் கை என் கைக்குள் கனத்தது. திரும்பிப் பார்த்தேன். உங்கள் உதடு வெளுத்திருந்தது. அத்தனை தண்ணீருக்கு நடுவிலும் உங்கள் நெற்றி வேர்வை தனியாகத் தெரிந்தது. “நிக்காத, ஏறு” என்றீர்கள். கையை விட்டால் நீங்கள் விழுந்துவிடுவீர்கள் என்று பயந்து, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். மேலே சித்தி, “சிரிங்க, சிரிங்க, படம் எடுக்கிறாங்க!” என்று கத்தினார். நீங்கள் சிரித்தீர்கள். அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கிற யாருக்கும் தெரியாது.

மேலே ஏறியதும் சித்தி தேங்காய் வாங்கப் போனார். நீங்கள் பலகையில் உட்கார்ந்து இடுப்புப் பையிலிருந்து ஒரு சின்ன மாத்திரையை எடுத்து நாக்குக்கடியில் வைத்தீர்கள். கூடவே ஆஸ்பத்திரி அட்டை வெளியே வந்து விழுந்தது. நான்தான் எடுத்தேன். நெஞ்சுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்குத் தேதி குறித்திருந்தார்கள். நாம் கப்பலில் இருக்கிற அதே வாரம். அதன்மேல் கோடு போட்டு, பேனாவால் அடுத்த மாதத் தேதி எழுதியிருந்தது.

“இது என்ன சித்தப்பா?”

“நாந்தான் தள்ளி வைக்கச் சொன்னேன். கத்தாதடி.”

“சித்திக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா வருவாளா? மூணு வருசம் நாயா அலைஞ்சவ. நாளன்னைக்கு ராத்திரி மேடையேத்திப் பேர் சொல்றாங்க. இப்பப் போயிக் கப்பல் டாக்டர்கிட்டச் சொன்னா அடுத்த தீவுல எறக்கி விட்டுருவான். மேடையேறி எறங்கட்டும், நானே சொல்லிர்றேன். சத்தியமா. அட்டைய உன் பாஸ்போர்ட் உறைக்குள்ள வையி. அவ என் பையத் துழாவுவா.”

வைத்தேன். சித்தி மூன்று தேங்காயோடு வந்தார். உங்களைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “ஏங்க, ஏன் இப்படி இருக்கீங்க? என்ன செய்யுது?” நீங்கள் வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன்.

“வாயு சித்தி. காலையில கண்டதையும் தின்னாங்கல்ல.”

எப்படி அவ்வளவு இயல்பாக வந்தது என்று தெரியவில்லை. நம் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் வாயுதான். சித்தி உடனே நம்பினார். “பன்னி எறைச்சி வாசத்துக்கே எனக்குப் பொரட்டுச்சு, நீங்க அந்த முட்டைய நாலு தின்னீங்க” என்று திட்டிக்கொண்டே நெஞ்சில் தைலம் தேய்த்தார். நீங்கள் ஏப்பம் விடுவது போல நடித்தீர்கள். எனக்குக் கண்ணைக் காட்டினீர்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்தேன், சித்தப்பா.

இரண்டு இரவும் அவர் தேய்த்தார். மூன்றாவது படுக்கையில் நான் விழித்தே கிடந்தேன். உங்கள் மூச்சை எண்ணினேன். கொஞ்சம் நின்றால் எழுந்து உட்காருவேன். திரும்ப வந்ததும் படுப்பேன். அறைக் கதவுக்குப் பக்கத்தில் தொலைபேசி இருந்தது. அதன் மேலேயே மருத்துவருக்கான எண் சிவப்பில் எழுதியிருந்தது. கையை நீட்டினால் எட்டும்.

மேடையில் சித்தி அரக்குப் பட்டில் நின்றபோது நீங்கள் விரலை மடித்து விசில் அடித்தீர்கள். தலையில் பிளாஸ்டிக் கிரீடம் வைத்தார்கள். அறைக்கு வந்ததும் சித்தி கண்ணாடி முன் நின்று கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து, “பாத்தியா வக்கீலம்மா, உங்க சித்தி அழுகவே இல்ல” என்றீர்கள். நான் உங்களை முறைத்தேன். சொல்லுங்கள் என்று அர்த்தம். உங்களுக்குப் புரிந்தது. “சொல்றேன், சொல்றேன்” என்று தண்ணீர் போத்தலை எடுத்தீர்கள். போத்தல் தரையில் உருண்டது.

சித்தி ஓடிவந்து முதலில் எடுத்தது தைலத்தைத்தான். “வாயு அடைச்சுக்கிச்சு, வாயு அடைச்சுக்கிச்சு” என்று தேய்த்தார். நான் போன் எடுப்பதற்குள் எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. மருத்துவர் வந்து உங்கள் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். பத்து இருபதுக்குக் கையை எடுத்துவிட்டார்.

உங்களைக் கீழ்த்தளத்தில் குளிர் அறையில் வைத்தார்கள். கப்பல் இன்னும் இரண்டு நாள் போனது. மேலே பாட்டு நிற்கவில்லை. பிள்ளைகள் தண்ணீர்ச் சறுக்கில் கூச்சலிட்டார்கள். தினமும் அறையைச் சுத்தம் செய்ய வந்து, துண்டை மடித்து யானை, குரங்கு என்று செய்து வைக்கும் பிலிப்பீன்ஸ்காரர், அன்றிலிருந்து துண்டை வெறுமனே மடித்து வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் கஞ்சியும் வைத்துவிட்டுப் போனார். சித்தி அதைத் தொடவில்லை. ஒரே கேள்வியைத்தான் கேட்டார். “வாயுன்னுதானே சொன்னாரு?” நீங்கள் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று அவருக்கு நினைவில்லை. நான் ஆமாம் என்றேன்.

இங்கே வந்ததும் காரியம் செய்யும் பண்டாரம் திதி பார்க்க நேரம் கேட்டார். அப்பா சித்தி நிற்கும் பக்கமே திரும்பாமல் என்னைக் கூப்பிட்டார்.

“எத்தன மணிக்குப் போனான்?”

“பத்து இருபது. ராத்திரி.”

“எந்த ஊரு நேரம்மா?” என்றார் பண்டாரம். “கடல்ல எந்த எடம்?”

எந்த ஊருமில்லை, கப்பல் நேரம் என்றேன். அங்கே வியாழன் இரவு. இங்கே வெள்ளி காலை. அது எந்தத் திதி என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். அத்தை ஒரு பக்கம், பஞ்சாங்கம் ஒரு பக்கம். நீங்கள் இருந்திருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். நான் தூணோடு ஒட்டி நின்றேன். எப்போது முடிந்தது என்று அத்தனை பேரும் கேட்டார்கள். எப்போது தொடங்கியது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

சொன்னால் அப்பா கேட்கப்போவது எனக்குத் தெரியும். “ரெண்டு நாளா வாயில என்னத்த வச்சிருந்த?” என் தம்பியைக் கொன்றவள் நீதான் என்று அவர் சொல்லாவிட்டாலும் முகம் சொல்லும். அதைவிடச் சித்திதான் பயம். அவர் என்னை என்ன கண்ணால் பார்ப்பார்? ஆனால் சொல்லாவிட்டால், புருஷனுக்கு நெஞ்சு வலியா வாயுவா என்றுகூடத் தெரியாதவள் என்று காஹாங்கில் காலம் முழுக்கத் தன்னையே தின்றுகொண்டிருப்பார். நீங்கள் அதற்காகவா அட்டையை மறைத்தீர்கள்? அவர் மேடையேற வேண்டும் என்றுதானே?

உங்களுக்காக மறைக்க ஒத்துக்கொண்டது சித்தி மேடையேறி இறங்கும் வரைக்கும்தான். அவர் எப்போதோ இறங்கிவிட்டார், சித்தப்பா.

அருவியில் கனத்த உங்கள் கை இன்னும் என் கையில் இருக்கிறது. பேனா பிடிக்கும்போதும், தட்டு கழுவும்போதும். அதை அன்றைக்கு விடாமல் இழுத்தது சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. அட்டையை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். தண்ணீர் பட்டு ஓரம் சுருண்டிருக்கிறது. தேதி தெளிவாகத்தான் இருக்கிறது. முதலில் சித்தியிடம். அப்புறம் அப்பா அடித்தால் அடிக்கட்டும்.

கதவைத் தட்டுகிறார்கள்.

முன்பெல்லாம் வளையல் சத்தத்திலேயே சித்தி என்று தெரிந்துவிடும். இப்போது யார் தட்டினாலும் ஒரே மாதிரி இருக்கிறது.

யாராக இருந்தாலும் சரி. திறக்கிறேன்.