பல்லடம் வரை பறந்த கையேடு

மச்சான் அவர்களுக்கு,

இந்த மடலை எழுதும் தாள் கனமானது, வழவழப்பானது. மை வாசம் இன்னும் போகவில்லை. நீங்கள் இருந்திருந்தால் விரலால் ஒரு சுண்டு சுண்டி, "தண்டச் செலவு" என்று தீர்ப்புச் சொல்லியிருப்பீர்கள். எங்கே கிடைத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் அந்த வாசம் என்னைக் கணபதியில் இருந்த உங்கள் அச்சகத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நமக்குள் சொந்தம் எதுவும் கிடையாது. முதல் நாளே நீங்கள் என்னை மாப்பிள்ளை ஆக்கினீர்கள். பழிக்குப் பழியாக நான் உங்களை மச்சான் ஆக்கினேன். அப்போது நான் சூலூர் கலைவிழாக் குழுவின் செயலாளர். ஈரேழு உலகத்திலும் அதற்கு நிகரான பதவி இல்லை என்பது என் எண்ணம். முந்தைய ஆண்டு விழாவைப் பார்க்க வந்தவர்கள் பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் அடுத்து ஆட வேண்டியவர்கள். தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த வருசமும் கூட்டம் வர்லீன்னா விழாவச் சுருட்டி வெச்சுப்போடலாமுங்க."

எந்த நாளில், எந்த இடத்தில், யார் ஆட்டம் என்று ஊருக்குச் சொல்ல ஒரு கையேடு வேண்டும். குழுவின் உண்டியலிலோ சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"ஆடியில வெச்சுக்குங்க மாப்ள," என்றீர்கள். "கண்ணாலம் இல்லாத மாசம். மிசினு சும்மாத்தான் கெடக்குது. கூலி வேண்டாமுங்க."

அச்சகத்துக்கு வேலையில்லாத மாதம் பார்த்து விழாவுக்கு நாள் குறித்த ஊர் பூமண்டலத்தில் சூலூர் ஒன்றுதான்.

தாளும் அப்படியே. மில்லில் நூல் சுற்றி மிஞ்சிய தாள். ஊதினால் இரண்டு மைல் போகும். ஒரே தாள், ஒரு பக்கம் அச்சு, நாலாக மடித்தால் கையேடு. தையல் கிடையாது. அட்டையில் ஆடும் பெண்ணின் படம் கேட்டேன். கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த குத்துவிளக்கு அச்சுப் பிளாக்கை எடுத்து வைத்தீர்கள்.

"இது கண்ணாலத்துக்குங்களே மச்சான்?"

"வெளக்கேத்தாம எந்தக் கலைங்க? புதுப் பிளாக்குச் செஞ்சா அதுக்கு ஒரு செலவு."

சணல் கயிற்றுக்கும் மனசு வரவில்லை உங்களுக்கு. மில் கழிவு நூலை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டிக் கொடுத்தீர்கள். நான் அந்தக் கையேட்டுக் கட்டைச் சூலூர் பஸ்ஸின் கூரையில் ஏற்றினேன்.

சிங்காநல்லூர் தாண்டியதும் பாலக்காட்டுக் கணவாய் ஆடிக் காற்றுக்கு வாயைத் திறந்தது. நூல் அறுந்தது. ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன். இமயமலைக் கொக்குகள் அத்தனையும் ஒரே நாளில் கிழக்கே குடிபெயர்ந்தது போலிருந்தது. பருத்திக் காடு, கிணறு, சோளத்தட்டுப் போர் எதையும் விடவில்லை. இறங்கியபோது கூரையில் மிஞ்சியது நூல் மட்டும்.

தலைவர் பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். "ஏனுங்க செயலாளரே, கையேடு எங்கீங்க?"

"வழி நெடுகக் குடுத்துப்போட்டுத்தானுங்க வாரேன்."

மறுநாள் உங்களிடம் வந்து கத்தினேன். நீங்கள் டிரெடில் அச்சு மிசினை மிதிப்பதை நிறுத்தவே இல்லை.

"காத்து எந்தப் பக்கமுங்க அடிச்சுது?"

"கெழக்க."

"அங்கயும் ஆளுக இருக்கறாங்கல்ல?"

அன்றோடு நட்பை முறித்துக்கொள்ள நினைத்தேன். டீ வந்துவிட்டதால் தள்ளிப்போட்டேன்.

விழாவின் முதல் நாள் மதியம் பந்தலில் நானும் தலைவரும் காற்றும் மட்டும். அப்போது பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. புருசன், பெண்டாட்டி, வண்டி கொள்ளாத பிள்ளைகள். அந்த அம்மணி முந்தானையில் முடிந்திருந்த தாளை எடுத்து நீட்டினார்.

"எங்க கெணத்து மேட்டுல கெடந்துச்சுங்க. ஆரோ பாவம், தொலைச்சுப்போட்டாங்களாட்ட இருக்குது. வெளக்குப் படம் போட்ட காயிதம், மிதிக்கறதுக்காகுமுங்களா? இந்த நாளுல இங்க இருப்பீங்கன்னு போட்டிருந்துச்சு. அதுதான் குடுத்துப்போட்டுப் போலாம்னு."

அவர்களுக்குப் பின்னால் இன்னொரு வண்டி. அப்புறம் சைக்கிள்கள், நடந்து வந்தவர்கள். எல்லார் கையிலும் மடிப்புக் கலையாத ஒரு தாள். வந்த தூரத்துக்கு உட்கார்ந்து பார்த்துவிட்டே போனார்கள். மறுநாள் அவர்கள் சொல்லி அவர்களின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். மூன்றாம் நாள் கொங்குநாட்டில் அடுப்பெரிக்க ஆளில்லை என்று நான் சொல்வேன். "முந்நூறு பேரு இருக்குமுங்க," என்று நீங்கள் திருத்துவீர்கள். எப்படியோ, தலைவர் சுருட்டுவது பற்றிப் பிறகு பேசவில்லை.

வெற்றிச் செய்தியோடு உங்களிடம் ஓடி வந்தேன். நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "திரும்பி வந்த காயிதமெல்லாம் எங்கீங்க? பின்பக்கம் வெறுசாத்தான இருக்குது?"

அடுத்த ஆண்டுக் கையேடு அவற்றின் முதுகில் அச்சானது.

இந்தத் தாளுக்கு வருகிறேன். உங்கள் கருமாதிக்கு மகன் அடித்த பத்திரிகை நேற்றுத் தபாலில் வந்தது. உயர்ந்த ரகத் தாள். ஒரு பக்கம் மட்டும் அச்சு. திருப்பினேன், முழுதும் வெள்ளை. உங்களுக்கு மனசு ஆறியிருக்காது என்று தெரியும். அதனால்தான் இதை அதன் முதுகில் எழுதினேன்.

அடியில் இரண்டு விரல் அகலம் மிச்சம் இருக்கிறது மச்சான். கத்தரித்து எடுத்து வைத்துக்கொள்கிறேன். எதற்காவது ஆகும்.

மாப்பிள்ளை